கமிஷன் லிங்க் போட்டு சம்பாதிக்க எந்த வழி நல்லது? குமரி மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு ஒப்பீடு

அஃபிலியேட் மார்க்கெட்டிங் பண்ணலாமா, பண்ணுனா எதைப் பண்ணணும்னு நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நெறைய பேரு கேக்குதாங்க. இன்ஜினியரிங் முடிச்சிட்டு வீட்ல இருக்க பயலுவ, மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்க இங்க கைப்பிள்ளையோட இருக்க பொண்ணுங்க, மழைக்காலத்துல ரப்பர் வெட்டு நின்னு போயிட்டா வேற வருமானம் தேடுதவங்க, எல்லார் கையிலயும் போன் இருக்கு, வாட்ஸ்அப்ல ஆளு இருக்கு, இன்ஸ்டால ஒரு பேஜ் இருக்கு. ஒரு லிங்க் போடுதோம், அது வழியா யாராவது வாங்குனா நமக்கு கமிஷன். கேக்க கொள்ளாம். ஆனா அது எதோட லிங்க், அதை என்ன சொல்லி விக்கப் போறோம், இந்த ரெண்டுலதான் எல்லாமே கெடக்கு.

நான் நாகர்கோவில்ல சின்னச் சின்ன கடைக்காரங்களுக்கு வெப்சைட்டும் விளம்பரப் பேஜும் எழுதிக் கொடுக்க வேலையாக்கும் பாக்குதேன். அதனால இந்த விக்குற பேஜுக்குள்ள என்னென்ன வச்சிருக்காங்கன்னு பிரிச்சுப் பாக்குதது எனக்கு தினசரி வேலை. வழிகளை ஒப்பிடுதப்போ எல்லாரும் முதல்ல கமிஷன் எத்தனை சதவீதம்னு பாக்குதாங்க. நான் முதல்ல பாக்குதது வேற: அந்தச் சாமானைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச உண்மையை முழுசாச் சொன்ன பொறவும் ஆளு வாங்குவாங்களா? வாங்குவாங்கன்னா அது கமிஷன் கம்மியா இருந்தாலும் நிக்கிற தொழில். பயமுறுத்தி அவசரப்படுத்துனாதான் போகும்னா அந்தச் சாமான்லயே கோளாறு இருக்கு, சதவீதம் எம்பதா இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

நம்ம ஊர்ல இப்ப ஓடுறது ஏறக்குறைய நாலு வழி. பெட்டிங், டிரேடிங் ஆப்புக்கும் குரூப்புக்கும் ஆளு சேத்து விட்டு கமிஷன் வாங்குத ரெஃபரல் ஒண்ணு. ஆன்லைன் கோர்ஸ் விக்கது ஒண்ணு. அமேசான் மாதிரி பெரிய கடையோட லிங்க் ஒண்ணு. நாலாவது, நம்ம ஊரு சாமானை நம்ம ஆளுங்களுக்கே கமிஷனுக்கு வித்துக் கொடுக்குதது.

முதல் வழியைச் சீக்கிரம் முடிச்சிருதேன். காசு கட்டி விளையாடுத ஆப்புக்கு ரெஃபரல் லிங்க் போடுதது இப்ப குத்தம். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல நிறைவேறுன ஆன்லைன் கேமிங் சட்டத்துல, அந்த மாதிரி விளையாட்டுக்கு விளம்பரம் பண்ணுதவங்களுக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு, "நான் லிங்க்தான போட்டேன்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ், அதாவது பங்கு விலை ஏறுமா எறங்குமான்னு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு பண்ணுத டிரேடிங், அதோட டிப்ஸ் குரூப்புக்கு ஆளு சேத்து விடுததும் வேண்டாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்குத செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுல, மூணு நிதியாண்டு கணக்குல தனி ஆளா ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் டிரேட் பண்ணுனவங்கள்ல 93 சதவீதம் பேரு நஷ்டப்பட்டிருக்காங்கன்னு வந்துச்சு, சராசரியா ஆளுக்கு ரெண்டு லட்சம் ரூவா பக்கம் போயிருக்கு. நூறு பேரைச் சேத்து விட்டா தொண்ணூத்தி மூணு பேரு பைசா போற எடத்துக்கு நம்மளே கூட்டிட்டுப் போறோம்னு அர்த்தம். இதுல ஒப்பிடுததுக்கு ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது வழி கோர்ஸ். இதுலதான் நம்ம பிள்ளைங்க அதிகமா மாட்டுதாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்லுதேன். கோர்ஸ் எல்லாமே மோசம்னு நான் சொல்லல. டேலி, தையல், ஸ்போக்கன் இங்கிலீஷ், நர்சிங் பரீட்சைக்கு ஜெர்மன் பாஷை, இதெல்லாம் ஒழுங்காச் சொல்லிக் கொடுக்க ஆளு இருந்தா அதுக்கு கமிஷன் வாங்குததுல ஒரு தப்பும் இல்ல. டிஜிட்டல் சாமான்ங்கறதால கமிஷனும் நல்லாவே கொடுப்பாங்க, பாதிக்கு மேலகூட வரும்.

பிரச்சனை எதுல வருதுன்னா, "ஆன்லைன்ல சம்பாதிப்பது எப்படி"ன்னு ஒரு கோர்ஸ், அதை வாங்குனவங்க என்ன பண்ணணும்னா அதே கோர்ஸை வேற ஆளுக்கு விக்கணும், இப்படியே ஒருத்தர் தலையில இன்னொருத்தர். இதை அஃபிலியேட் மார்க்கெட்டிங்னு பேரு வச்சு விக்குதாங்க. சோதிச்சுப் பாக்க ஒரு கேள்வி போதும்: திரும்ப விக்குத உரிமை இல்லன்னு சொல்லிட்டா அந்த வீடியோக்களை அந்த விலை கொடுத்து யாராவது வாங்குவாங்களா? வாங்க மாட்டாங்கன்னா அங்க விக்கப்படுதது பாடம் இல்ல, ஆளு சேக்குத உரிமை. பிரமிட் மாதிரி ஆளு சேத்து பைசா சுத்துத திட்டத்தை 2021-ல வந்த நேரடி விற்பனை விதிகள் தடை பண்ணுது, அதுக்கு முன்னாடியே 1978-ல பைசா சுழற்சித் திட்டங்களைத் தடை பண்ண தனிச் சட்டமே போட்டாச்சு.

இப்ப அந்த விக்குற பேஜுக்குள்ள போவோம். மேல செவப்புல ஒரு கடிகாரம் 14:59, 14:58ன்னு எறங்கிட்டே இருக்கும், "ஆஃபர் முடியப் போகுது"ன்னு. அதே லிங்கை பிரவுசர்ல பிரைவேட் டேப்ல திறந்து பாருங்க, மறுபடியும் 15 நிமிஷத்துல இருந்து ஆரம்பிக்கும், நாளைக்குப் போனாலும் அப்படித்தான். நீங்க பேஜைத் திறந்த நேரத்துல இருந்து 15 நிமிஷம் எண்ணுன்னு எழுதி வச்ச புரோகிராம் அது, எந்த ஆஃபரும் எங்கயும் முடியல. கீழ மூலையில "நாகர்கோவில்ல இருந்து ஒருத்தர் 2 நிமிடம் முன்பு வாங்கினார்"னு ஒரு பெட்டி வந்து வந்து போகும். உங்க நெட் கனெக்‌ஷனை வச்சு ஊர்ப் பேரை எடுத்து தானாப் போடுத வசதி பல டூல்ல இருக்கு. மார்த்தாண்டத்துல உக்காந்து பாக்குதவனுக்கு சிலநேரம் சென்னைன்னு காட்டும், சிலநேரம் திருவனந்தபுரம்னு காட்டும், ஏன்னா நெட் கம்பெனிக்காரன் உங்க கனெக்‌ஷனுக்குக் கொடுக்குத நம்பர் (ஐபி) அங்கதான் பதிஞ்சிருக்கும். "4 சீட்தான் பாக்கி"ங்கறதும் பொய்தான், ரெக்கார்ட் பண்ணி வச்ச வீடியோவுக்கு சீட் ஏது? விலையில 39,999ஐ வெட்டிட்டு 4,999ன்னு போட்டிருப்பாங்க, அந்த 39,999க்கு அது ஒருநாளும் வித்திருக்காது. கடைசியில ரெண்டு பட்டன், ஒண்ணு "ஆமா, எனக்கு வருமானம் வேணும்", இன்னொண்ணு சின்ன எழுத்துல "வேண்டாம், நான் கஷ்டத்திலயே இருந்துக்கிறேன்". வேண்டாம்னு சொல்லுத மனுஷனை அசிங்கப்படுத்தி அமுக்க வைக்கிறது. எனக்கு ரொம்ப கோவம் வர்ற எடம் இதாக்கும்.

பேஜ் முடிஞ்சா போன். நம்பர் கொடுத்திருந்தா கூப்பிடுவாங்க. "வீட்ல கேட்டுட்டு சொல்லுதேன்"னு ஒரு பொண்ணு சொன்னா, அதுக்கு என்ன பதில் சொல்லணும்னு எழுதியே கொடுத்திருக்காங்க: "உங்க வாழ்க்கைக்கு நீங்க முடிவு எடுக்க மாட்டீங்களா மேடம்? உங்களுக்கு அந்த உரிமைகூட இல்லையா?" புருஷன் துபாய்ல வேர்வை சிந்தி அனுப்புத பைசா, ரெண்டு பேரும் பேசி முடிவு எடுக்கணும்னு நினைக்குதது நல்ல பழக்கம், அதையே பலவீனம் மாதிரி மாத்திக் காட்டி அவ வாயை அடைக்குதாங்க. அஃபிலியேட்டாச் சேர்ற பிள்ளைங்களுக்கு முதல் வாரத்துலயே இந்த ஸ்கிரிப்டைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லுதாங்க, இருபது இருபத்தொரு வயசுப் பிள்ளைங்களுக்கு.

இதெல்லாம் வெறும் நல்லது கெட்டது பேச்சு மட்டும் இல்ல, விதியும் இருக்கு. 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன், அதாவது ஆளை ஏமாத்தி வாங்க வைக்கிற பேஜ் தந்திரங்களுக்கு எதிரா வழிகாட்டுதல்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. பொய்யான அவசரம், வேண்டாம்னு சொல்லுதவங்களை வெக்கப்பட வைக்கிறது, சந்தாவுல மாட்டி விடுதது, விளம்பரத்தை விளம்பரம்னு சொல்லாம மறைக்குதது, கூடைக்குள்ள தெரியாம சாமான் சேக்குததுன்னு 13 வகை அதுல பட்டியல் போட்டிருக்கு. அது விக்குத கம்பெனியை மட்டும் சொல்லல, விளம்பரம் பண்ணுதவங்களையும் சேத்துத்தான் சொல்லுது. அதுக்கு முன்னாடி 2022-ல தவறான விளம்பரங்களுக்கு வழிகாட்டுதல் வந்தாச்சு. ஒரு சாமானைப் பரிந்துரைக்கிற ஆளுக்கு அதுல பைசா கிடைக்குதுன்னா அதைத் தெளிவாச் சொல்லணும், சொல்லுத விஷயம் உண்மையான்னு பாத்திருக்கணும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி, தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பவும் பண்ணுனா 50 லட்சம் வரைக்கும், பரிந்துரைச்ச ஆளு ஒரு வருஷம் எதையும் பரிந்துரைக்கக் கூடாதுன்னு தடையும் போடலாம். நாகர்கோவில்ல ஒரு சின்ன பேஜ் வச்சிருக்க பிள்ளை மேல நாளைக்கே பாயும்னு நான் சொல்ல வரல. ஆனா கம்பெனிக்காரன் தப்பிச்சுப் போயிருவான், ஊர்ல நின்னு பதில் சொல்லப் போறது அந்தப் பிள்ளைதான்.

எனக்க சித்தி மக தக்கலையில இருக்கா, அவதான் இந்தக் கணக்கை என்கிட்ட நேருக்கு நேர் கேட்டா. "அண்ணே, கோர்ஸ் ஒண்ணு வித்தா ரெண்டாயிரத்தி ஐநூறு ரூவா. அமேசான்ல குக்கர் வித்தா எம்பது ரூவா. முப்பது குக்கர் விக்கதுக்கு ஒரு கோர்ஸ் வித்துரலாமே?" கணக்கு சரிதான். நான் கேட்டேன், "சரி மக்ளே, யாருக்கு விப்ப? பேரைச் சொல்லு." கொஞ்ச நேரம் யோசிச்சு சொன்னா, டெய்லர் அக்கா, மாடிவீட்டு மைனி, கூடப் படிச்ச ரெண்டு பிள்ளைங்க, டியூஷன் டீச்சர். "இவங்ககிட்ட போயி இன்னைக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுதுன்னு சொல்லுவியா? நாளைக்கும் அதே விலைதான்னு உனக்குத் தெரியுமே." பதில் சொல்லல. பொறவு மெதுவா, "டெய்லர் அக்காகிட்ட சொல்ல முடியாதுண்ணே, அவங்க சீட்டுப் பைசாவை எடுத்துக் கொடுத்துருவாங்க"ன்னா.

இந்தக் கணக்கை கமிஷன் அட்டவணையில யாரும் போட மாட்டாங்க. பெரிய ஊர்ல ஆயிரக்கணக்குல முகம் தெரியாத ஆளுங்களுக்கு விளம்பரம் ஓட்டி விக்குதவனுக்கு ஒரு ஆளு ஏமாந்தா அது ஒரு நம்பர். நமக்கு முதல் அம்பது கஸ்டமரும் தெரிஞ்ச ஆளுங்கதான், கொல்லங்கோட்டுல இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் எங்க போனாலும் ஒரு சொந்தக்காரன் இருப்பான், கோயில் கொடைக்கோ சர்ச் திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ போனா அந்த முகத்தைப் பாத்துத்தான் ஆகணும். அவங்க உங்க லிங்கை அமுக்குததுக்குக் காரணமே உங்களைத் தெரியும்ங்கறதுதான், கம்பெனியை யாருக்கும் தெரியாது. அந்த நம்பிக்கையைத்தான் கம்பெனி உங்ககிட்ட இருந்து பாதி விலைக்கு வாங்குது.

ரீஃபண்டையும் கணக்குல சேருங்க. அவசரப்படுத்தி வித்த கோர்ஸ்ல ரீஃபண்ட் கேக்குதவங்க அதிகம், ரீஃபண்ட் ஆனா கமிஷனும் போயிரும். கமிஷன் லிங்க் கொடுக்குத வெளிநாட்டு நெட்வொர்க் சிலதுல 60 நாள் வரைக்கும் திருப்பிக் கேக்கலாம்னு இருக்கு, அதனால டேஷ்போர்டுல (நம்ம கமிஷன் கணக்கைக் காட்டுத பேஜ்ல) தெரியிற தொகை கையில வந்த தொகை இல்ல. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுத வருமான ஸ்கிரீன்ஷாட்ல எல்லாம் இந்த டேஷ்போர்டு தொகைதான் இருக்கும், அதுவும் உண்மையான ஸ்கிரீன்ஷாட்டா இருந்தா. கம்ப்யூட்டர் பிரவுசர்ல ரைட் கிளிக் பண்ணி அந்த நம்பரை மாத்திட்டு படம் எடுக்கது ஒரு நிமிஷ வேலை.

மூணாவது வழி, பெரிய கடை லிங்க். இதுல பைசா மெதுவா வரும், முதல்லயே மனசுல வச்சுக்கணும். கமிஷன் சாமானுக்குத் தக்கன மாறும், மொபைல் மாதிரி சாமானுக்கு ரொம்ப கம்மி, வீட்டுச் சாமான் துணிமணிக்கு கொஞ்சம் கூட. அமேசான்ல லிங்கை அமுக்குன 24 மணிநேரத்துக்குள்ள வாங்குனாதான் பொதுவா நமக்கு கணக்கு. சேந்த 180 நாளைக்குள்ள மூணு விற்பனையாவது வரலன்னா அக்கவுண்ட் மூடிருவாங்க. நம்ம லிங்க்ல நாமளே வாங்கி கமிஷன் எடுக்கக் கூடாது. இதுல கமிஷன் கிடைக்குதுன்னு பேஜ்ல வெளிப்படையா எழுதணும்ங்கறது அவங்க ஒப்பந்தத்துலயே இருக்கு.

எனக்கு இந்த வழி பிடிக்கக் காரணம், இதுல உண்மையைச் சொல்லுததுக்கு தண்டனை இல்ல. தேங்காய் துருவுற மெஷின் ஒண்ணை எடுத்துக்கோங்க, கைப்பிடியைச் சுத்துனா துருவுற மாதிரி, அடியில ரப்பர் கப்பு இருக்குமே, அது. நம்ம வீட்டு அடுக்களையில தேங்காய் இல்லாம ஒருநாள் போகாது, அதனால இந்த மெஷினுக்கு நல்ல தேடல் இருக்கு. அந்த கப்பு கிரானைட் மேலயும் வழுவழு டைல்ஸ் மேலயும் நல்லாப் பிடிக்கும், சிமெண்டு திட்டுல பிடிக்கவே பிடிக்காது, காத்து உள்ள போயி கழண்டுரும். டைல்ஸ் இடுக்கு மேல வச்சாலும் அதே கதைதான். இதை வீடியோவுல காட்டி, "சிமெண்டு திட்டு வச்சிருக்கவங்க இதை வாங்காதீங்க"ன்னு சொன்னா என்ன ஆகும்? வாங்கக் கூடாத ஆளு வாங்க மாட்டாங்க, ரிட்டர்ன் வராது, கமிஷன் திரும்பப் போகாது. கிரானைட் வச்சிருக்கவங்க நம்பி வாங்குவாங்க, அடுத்து மிக்ஸி வாங்கணும்னாலும் "நீ சொல்லு பிள்ளே, எது எடுக்க?"ன்னு உங்ககிட்டயே கேப்பாங்க. குறையைச் சொன்னா வியாபாரம் படுத்துரும்னு கோர்ஸ்காரங்க பயப்படுத அதே எடத்துல இங்க வியாபாரம் வளருது.

நாலாவது வழியைப் பத்தி அதிகம் பேரு பேசல, ஆனா நம்ம மாவட்டத்துக்கு இது நல்லாவே பொருந்தும்னு நான் நம்புதேன். மார்த்தாண்டம் தேன், நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி, கிராம்பு, இதெல்லாம் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்க நம்ம ஊரு ஆளுங்க ஏங்கிக் கெடக்கிற சாமான். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-லயும் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-லயும் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. மட்டிப்பழத்தை கூரியர்ல தூரத்துக்கு அனுப்ப முடியாது, போறதுக்குள்ள அழுகிரும், ஆனா மத்ததெல்லாம் போகும். தேன் எடுக்குத வீட்டுக்காரருக்கு இன்ஸ்டா தெரியாது, உங்களுக்குத் தெரியும். பத்து சதவீதம்னு பேசி வச்சு, உங்க பேர்ல ஒரு கூப்பன் கோடு, அந்தக் கோடு சொல்லி வர்ற ஆர்டரை அவரு நோட்டுல குறிச்சு வச்சா போதும், இதுக்கு சாஃப்ட்வேர்கூட வேண்டாம்.

கஷ்டம் இல்லாம இல்ல. தெரிஞ்சவருதானன்னு வாய்ப்பேச்சா விட்டா ரெண்டாவது மாசம் மனஸ்தாபம் வரும். எத்தனை சதவீதம், டெலிவரி ஆன பொறவா ஆர்டர் வந்த உடனேயா, பாட்டில் ஒடஞ்சு போனா யாரு நஷ்டம், மாசம் எந்தத் தேதி ஜிபே பண்ணணும், இதை ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. லேபிள்ல உணவுப் பாதுகாப்பு உரிம நம்பர் இருக்கான்னு பாத்துட்டுத்தான் லிங்க் போடணும்.

சொந்த ஊரு சாமான்ங்கறதுக்காக பொய்யைக் கூட்டிரக் கூடாது, இங்கயும் அந்த ஆசை வரும். "சுகர் குறையும்", "சுகர் உள்ளவங்க கருப்பட்டி எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்", "எறும்பு மொய்க்காது, அதான் சுத்தமான தேன்", இந்த மாதிரி வாசகம் போட்டா விற்பனை கூடும்தான். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணுததை 1954-ல வந்த சட்டமே தடை பண்ணிருக்கு, அதைவிட முக்கியம், அதை நம்பி ஒரு வயசானவங்க மாத்திரையை நிறுத்திட்டா? எறும்பு சோதனை, பேப்பர்ல ஊத்திப் பாக்குத சோதனை எதையும் நம்ப முடியாது, நல்ல தேனை மோசம்னும் காட்டும், மோசத்தை நல்லதுன்னும் காட்டும். எந்த வீட்டுல, எந்த மாசம் எடுத்தது, ரப்பர் தோட்டத்துப் பக்கத்துல பெட்டி வச்சதா இல்லையான்னு சொல்லுங்க, போதும்.

அவசரப்படுத்தவே கூடாதான்னு ஒரு தம்பி கேட்டான். அவசரம் நெசமா இருந்தா தாராளமாச் சொல்லலாம். கிறிஸ்மஸுக்கு பெங்களூர்ல கைக்குக் கிடைக்கணும்னா இந்தத் தேதிக்குள்ள ஆர்டர் பண்ணுங்கன்னு சொல்லுதது கூரியர்காரன் வச்ச கெடு, அதைச் சொல்லாம விட்டாத்தான் தப்பு. இந்த சீசன் தேன் நாப்பது பாட்டில்தான் இருக்குன்னா நாப்பதுன்னு போடுங்க, நாப்பதும் போன பொறவு அடுத்த சீசன் வரைக்கும் கடையை மூடுங்க. நாப்பத்தொண்ணாவது பாட்டிலை எடுத்து வித்தீங்கன்னா சொன்னது பொய்யாப் போச்சு. தேதியையும் எண்ணிக்கையையும் நீங்களே மாத்த முடியுமா முடியாதாங்கறதுதான் வித்தியாசம்.

ஆக, கையில கொஞ்சமும் பொறுமை இல்ல, இந்த மாசமே பைசா வேணும்னு இருக்கவங்களுக்கு இந்த நாலுல எதுவும் சரிவராது, அவங்க ஒரு வேலைக்குப் போறதுதான் நல்லது. ஆறு மாசம் பொறுக்க முடியும், சமையலோ வீட்டுச் சாமானோ பேசத் தெரியும்னா மூணாவதுல ஆரம்பிங்க, கூடவே தெரிஞ்ச ஒரே ஒரு உற்பத்தியாளரை வச்சு நாலாவது. கோர்ஸ் விக்கணும்னு ஆசை இருந்தா நீங்களே உக்காந்து முழுசாப் படிச்சு முடிச்ச கோர்ஸை மட்டும் விக்கலாம், டைமர் இல்லாத பேஜா இருந்தா. எதை வித்தாலும் லிங்குக்கு மேல, கீழ ஒளிச்சு வைக்காம, "இந்த லிங்க்ல வாங்குனா எனக்கு கமிஷன் உண்டு, உங்களுக்கு விலை கூடாது"ன்னு தமிழ்ல எழுதுங்க. விலை கூடுததா இருந்தா அதையும் எழுதுங்க. சித்தி மக தேங்காய் துருவுற மெஷினும் தேனும்தான் எடுத்திருக்கா, டெய்லர் அக்காவுக்கு முதல் பாட்டில் போயிருக்கு.

ஏற்கெனவே கோர்ஸுக்கு பைசா கட்டி மாட்டிக்கிட்டவங்க முதல்ல ஜிபே, போன்பே எதுல கட்டுனீங்களோ அதுல ஆட்டோபேங்கற எடத்துக்குப் போயி மாசாமாசம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கான்னு பாருங்க, இருந்தா அங்கயே நிறுத்தலாம். பைசா எடுக்கதுக்கு 24 மணிநேரம் முன்னாடி மெசேஜ் வரணும், அதைப் பாக்காம தள்ளி விட்டுராதீங்க. பொறவு அந்த பேஜைத் திறந்து டைமரோட ஒரு ஸ்கிரீன்ஷாட், மறுநாள் அதே டைமர் மறுபடி ஓடுததை ஒரு ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்ல அவங்க சொன்ன வாக்குறுதி, கட்டுன ரசீது எல்லாத்தையும் ஒரு எடத்துல சேத்து வைங்க. ரீஃபண்ட் கேட்டு எழுத்துல அனுப்புங்க, போன்ல மட்டும் பேசாதீங்க. பதில் வரலன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். ஆளே போலி, கம்பெனியே இல்லன்னு தெரிஞ்சா நேரம் கடத்தாம 1930, அது சைபர் குற்றத்துக்கு. ரெண்டுலயும் கொடுக்குத புகார் எண்ணை மறக்காம எழுதி வச்சுக்கோங்க, பொறவு கூப்பிடுதப்போ அதைத்தான் முதல்ல கேப்பாங்க.